முழுப் பெயரைச் சொல்

கரண்டு போனது கலியமூர்த்திக்குத் தெரியவில்லை. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது, இன்வெர்ட்டர் சத்தமில்லாமல் பாரத்தை வாங்கிக்கொண்டுவிட்டது. அடுப்படியில் ஃப்ரிட்ஜ் ஒரு உதறு உதறி நின்றதை அவர் காது எடுக்கவில்லை. சுவரை ஒட்டிய மேஜைமேல் வைத்திருந்த உள்ளங்கைக்குத்தான் ஏதோ குறைந்தது. குறைந்ததும் எழுந்துவிட்டார். மாதாமாதம் வருகிற பராமரிப்பு நிறுத்தம். எந்தெந்தத் தெரு என்று நேற்றே பேப்பரில் போட்டிருப்பான், விழுப்புரத்துக்கே தெரியும், இவருக்குத் தெரியாது. வேலையில் இருந்த காலம் முழுக்க சப்ஸ்டேஷனில் உட்கார்ந்து அந்த அறிவிப்பைத் தயார் பண்ணின மனுஷனுக்கு, ரிட்டையரான பிறகு அதைப் படிப்பதில்லை என்று ஒரு வைராக்கியம். மாடிப்படிக்கு அடியில் குனிந்து இன்வெர்ட்டர் தலையில் கையை வைத்தார். டிரான்ஸ்ஃபார்மர் உடம்பைத் தொட்டே அதன் ஜுரம் சொன்ன கை. முக்குகிறது. ஒரு விசிறி, ஒரு டியூப்லைட், ஒரு கம்ப்யூட்டர், இதற்கு இவ்வளவு முக்கலா. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றணும் என்று மனைவி தில்லைநாயகி போன மாசமே சொன்னாளாம். சொன்னாளாம் என்றால், சொன்னேன் என்று அவள் சொல்கிறாள். அவர் தலையாட்டினாராம். இருக்கும். தலையாட்டுவதில் அவருக்குக் குறையே கிடையாது. காது கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் கடித்துவிடுவார். காது கேட்கிறது. ஜனங்கள்தான் முன்னைப் போல வாயைத் திறந்து பேசுவதில்லை, உதட்டை வைத்துப் பேச்சை மென்று துப்புகிறார்கள், அதற்கு அவர் என்ன பண்ண. காலையில்கூட அவள் வாசற்படியில் நின்று, அடுத்த தெருவில் வளைகாப்புக்குப் போகிற அவசரத்தில், கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். கையை ஆட்டிச் சொன்னாள். இவரும் ஆட்டினார், தலையை.

மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புத் திரையைத் திறந்தார். அவருக்கு இந்தக் கம்ப்யூட்டரில் பிடித்தது இது ஒன்றுதான். படம், பாட்டு, மாமன் மச்சான் குட்மார்னிங், அதெல்லாம் அவளுக்கு. மெஷினுக்குள் யார் யார் ஓடுகிறார்கள், யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று வரிவரியாகக் காட்டுகிற இந்தப் பலகையை அவளே ஒரு நாள் திறந்து காட்டி, "இந்தாங்க, உங்க பழைய பேனல்" என்றாள். அன்றிலிருந்து சும்மா இருக்கிற நேரத்தில் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எண்கள் ஏறும், இறங்கும், வரிகள் மேலே போகும், கீழே வரும். கண்ட்ரோல் ரூமில் ராத்திரி ஷிப்டு முழுக்க கரண்டின் துடிப்பைக் காட்டும் ஐம்பது என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த கண்ணுக்கு இது ஒரு பால்கோவா. இன்றைக்குப் பார்த்த உடனே பிடிபட்டது. தலைமாட்டில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். பைத்தான். பெயர் அவ்வளவுதான், ஒற்றைச் சொல். சொந்தக்காரர் என்ற இடத்தில் நாயகி. தின்பது தொண்ணூற்றொன்பது. ஓடின நேரம், படிக்கும்போதே கண் வலிக்கிற நீளம். மற்றவன் எல்லாம் பிச்சைக்காரன் மாதிரி சைபர், சைபர், அரை. இவன்தான் இன்வெர்ட்டரை முக்க வைக்கிறவன். அட மடையா, உன்னால்தானா. கலியமூர்த்தியின் விரல் தானாகப் போனது. ஒரே எழுத்து. அழுத்தினால், யாரைக் கொல்லட்டும் என்று திரை கேட்கும், எண்ணைத் தட்டினால் முடிந்தது, மெஷின் மூச்சு விடும், இன்வெர்ட்டர் மூச்சு விடும், அவள் வருகிற வரைக்கும் விசிறிக்கு அடியில் உட்காரலாம். எண்ணைத் தட்டியும்விட்டார். கடைசி என்டர் ஒன்றுதான் பாக்கி. அங்கே சிக்கியது. விரல் நின்றுவிட்டது. பழைய சனியன், பழைய வழக்கம். எந்த ஃபீடரையும், அதாவது ஊருக்குள் போகிற எந்த லைனையும், தள்ளி கரண்டை நிறுத்துவதற்கு முன்னால் அதன் முழுப் பெயரைச் சொல்லணும். மேலிடத்திலிருந்து போன் வரும், "நாலைத் தள்ளு" என்பான். நாலு என்று கேட்டுத் தள்ளக்கூடாது. "நாலு, பாண்டி ரோடு, ரைஸ்மில், ஆஸ்பத்திரி லைன் சேராது, தள்ளட்டுமா" என்று திருப்பி ஒப்பிக்கணும். அவன் "ஆமாம், அதேதான்" என்றால்தான் கை கைப்பிடிக்குப் போகும். பெயரை முழுசாகச் சொல்லாமல் தள்ளினவனை அந்த ரூமில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள், டீ வாங்கித் தர மாட்டார்கள். பைத்தான் என்பது பெயரா. அது ஜாதி, புரோகிராம் எழுதுகிற பாஷையின் பெயர். ஒரு ஊரில் ஆயிரம் பைத்தான். கலியமூர்த்தி பின்வாங்கி, முழு விவரம் காட்டும் எழுத்தை, சி-யை, ஒரு தட்டு தட்டினார்.

வரி நீண்டது. திரையின் ஓரம் வரைக்கும் போய் முட்டியது. இது ஒரு அழகு, இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒற்றைச் சொல்லாக நின்றவன் சட்டென்று அப்பன் பெயர், ஊர், தெரு, எதற்கு வந்தான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். அவள் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறாள். அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் ஒட்டாது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம், கால் எங்கேயோ. விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். வீடு, நாயகி, ஆடுபுலி. அதற்குக் கீழே கோப்பின் பெயர், யார் சொல்வது சரி. அதற்குப் பின்னால் வால் வாலாக: புலி மூன்று. ஆடு பதினொன்று. அடுத்த ஆட்டம் புலிக்கு. சேமிக்காதே. கலியமூர்த்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பக்கத்து அறையில், ஊஞ்சல் பலகைமேல், காய்கறிக் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறதே, அதுதான் இது. அதே புலி மூன்று, மூன்று பித்தளை நட்டு. அதே ஆடு பதினொன்று, புளியங்கொட்டை. நாலு கொட்டையை அவர் ஏற்கெனவே வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்டம் பாதியில் நின்று எத்தனை நாளாகிறது, கூடைமேல் தூசியே படிந்துவிட்டது. நின்றது எதனால் என்றால் வாயால். "அவ்வளவுதான் டீச்சர், கட்டிட்டுக் கிளம்பு, புலி வந்தாச்சு" என்று இவர் சொன்னார். அவள் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையரானவள், டீச்சர் என்று இவர் கூப்பிட்டாலே கோபம் வரும். "எங்க வந்தாச்சு? மூணையும் மூலையில அடைச்சு வச்சிருக்கேன், வாலைக்கூட ஆட்ட முடியாது உங்களால." "ஆட்டறேன் பாரு." "ஆட்டுங்க பார்ப்போம்." "புலி தோத்தா நீ சொல்றதைக் கேக்கறேன்டி." அங்கே பிடித்துக்கொண்டாள். அவள் சின்னக் குழந்தைகளின் விடைத்தாளில் தப்புப் பிடிப்பவள். "புலி தோத்தா அந்தக் காது மெஷின் பெட்டியைத் திறந்து காதுல மாட்டணும். நாளைக்குன்னு சொல்லக்கூடாது." அவருக்கும் சூடு ஏறிவிட்டது. "புலி ஜெயிச்சா?" "ஜெயிச்சா இனிமே அந்தப் பெட்டியைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம்." அதற்குப் பிறகு யாரும் காயைத் தொடவில்லை. தொட்டால் தோற்றுவிடுவோமோ என்று இரண்டு பேருக்கும் பயம். இவர் பயந்து சும்மா இருந்தார். அவள் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது.

கள்ளி. எல்லா வழியையும் போட்டுப் பார்க்கிறாள். புலி இங்கே போனால் ஆடு அங்கே, ஆடு அங்கே போனால் புலி இப்படி, அவள் அப்பன் வீட்டு விதியோடு, ஒரு கோட்டில் வெட்டின புலி உடனே அதே கோட்டில் திரும்பக்கூடாது என்கிற அந்த அழுகுணி விதியையும் சேர்த்து. இத்தனை நாளாகவா. அவர் பேப்பர் படித்தபோது, செஸ் ஆடித் தோற்றபோது, அவள் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவினபோது, உள்ளே மூன்று புலியும் பதினொரு ஆடும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, இவருக்குத் தெரியவே இல்லை. ஒரு நாளாவது மெஷின் திணறியதா, இல்லையே. ஏன் திணறவில்லை. கண் வரியில் பின்னோக்கிப் போய் ஒரு எண்ணில் தட்டி நின்றது. பத்தொன்பது. அது யார் முதலில், யார் பின்னால் என்று சொல்கிற கட்டம். எண் ஏற ஏற ஆள் வரிசையில் பின்னால். பத்தொன்பதுக்குப் பின்னால் நிற்க இடமே கிடையாது. வேறு எவன் வந்தாலும் முதலில் அவனுக்கு விடு, அவன் சாப்பிட்டு மிச்சமிருந்தால் இவனுக்குப் போடு, என்று அர்த்தம். கலியமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. ரேஷன் கடையில் முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு போகிறவள், பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு சீட்டுப் பிடிக்கிறவள், கோவில் பிரசாதத்துக்கு இரண்டு தடவை கை நீட்டுகிறவள், பிறந்ததிலிருந்து எந்த வரிசையிலும் பின்னால் நின்று அறியாதவள், இங்கே மட்டும் போய்க் கடைசியில் நின்றிருக்கிறாள். எதற்கு. கிழவன் பேப்பர் படிக்கிறது தடங்கக்கூடாதே என்று. அந்தச் சேமிக்காதேயும் அதற்குத்தான். டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருந்தால் மெஷின் இழுக்கும், இழுத்தால் இவர் கத்துவார். அதனால் எதையும் எழுதி வைக்காமல் தலையிலேயே வைத்துக்கொண்டு ஓடுகிறது. கரண்டு போனால் தலையோடு போச்சு. அத்தனை நாளும் தண்ணீரில். சிரிப்பு நின்றது. என்டர் தட்டியிருந்தால். தட்டாவிட்டாலும்தான் என்ன, இன்வெர்ட்டர் முக்குகிறது, பேட்டரியில் தண்ணீர் இல்லை, கரண்டு மத்தியானம் தாண்டித்தான் வரும். அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். தானாகச் சாகும். "கரண்டு போச்சும்மா, நான் என்ன பண்றது" என்று கையை விரிக்கலாம், பந்தயமும் இல்லை, பெட்டியும் இல்லை. இந்த எண்ணம் வெயிலில் பாம்பு மாதிரி சொகுசாக வந்து மடியில் படுத்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பயமாகத்தான் இருந்தது அந்தப் பெட்டி. அது காதுக்கு இல்லை, வயசுக்கு. அதை மாட்டினால் ஆயிற்று, கிழம் என்று தானே எழுதிக் கழுத்தில் தொங்கவிட்ட மாதிரி. ஆனால் புலி. புலி ஜெயிக்குமா ஜெயிக்காதா என்று தெரியாமலே போய்விடுமே. உள்ளே மூன்று புலியும் இப்போது எந்த மூலையில் நிற்கிறதோ. கிட்டத்தட்ட வெளியே வந்திருந்தால். நட்டாற்றில் விடுவதா. மனுஷன் செய்கிற காரியமா.

பாண்டி ரோடு ஃபீடர் ஞாபகம் வந்தது. வராமல் எப்படி. இவர் ரிசப்ஷன் நடந்த மண்டபம் அந்த ஃபீடரில். அன்றைக்கு ஷிப்டில் பாவாடைராயன், இவர் கூட்டாளி, கல்யாணத்துக்கு வர முடியாத கடுப்பில் உட்கார்ந்திருந்தான். மேலே இருந்து போன், நாலைத் தள்ளு. பாவாடை ஒப்பித்தானாம்: "நாலு, பாண்டி ரோடு, ரைஸ்மில், கலியமூர்த்தி கல்யாண மண்டபம், தள்ளட்டுமா." "அது எப்பலேர்ந்துய்யா மண்டபம்?" "இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து சார். எங்க ஷிப்டு ஆளு. பொண்ணு மேடையில நிக்குது." போன் அந்தப் பக்கம் யோசித்ததாம். "சரி, பேருக்குத் தள்ளிட்டு உடனே எடுத்துடு. பொண்ணு பயந்துடப் போகுது." தள்ளினான். மண்டபம் குப்பென்று இருட்டு. மைக்கில் பாடினவன் குரல் சட்டென்று கொசு அளவுக்குச் சுருங்கியது. எவனோ பாயசத்தைக் கொட்டினான். அதுவரைக்கும் மாலைக்குள் தலையைக் குனிந்துகொண்டு யாரோ மாதிரி நின்ற பெண், யாரும் பார்க்கவில்லை என்கிற தைரியத்தில், சிரித்தாள். பயப்படவில்லை. பித்தளைக் குண்டாவில் சில்லறையைக் கொட்டின மாதிரி ஒரு சிரிப்பு. உடனே விளக்கு வந்தது, உடனே குனிந்துகொண்டாள். ஆனால் அவர் கேட்டுவிட்டார். அந்தச் சிரிப்பு இப்போதும் சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. வாய் திறக்கிறது, தோள் குலுங்குகிறது, பார்க்கிறார். சத்தத்தின் மேல்பாதி வருவதில்லை. சில்லறை இல்லாத வெறும் குண்டா. அவள்தான் முன்னைப் போலச் சிரிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார், ஜனங்கள் முன்னைப் போலப் பேசுவதில்லை என்று நினைத்த மாதிரியே.

எழுந்தார். தேவைக்கு மேல் ஒரு லைனையும் தள்ளாதே, தேவையானதைத் தள்ளத் தயங்காதே. வாயைத் திறந்து, அறையில் யாரும் இல்லாவிட்டாலும், ஒப்பித்தார். "டியூப்லைட், கூடம், யாரும் இல்லை, தள்ளட்டுமா." தள்ளினார். "வைஃபை டப்பா, அலமாரி மேலே, மச்சான் குட்மார்னிங் லைன், தள்ளட்டுமா." இதைத் தள்ளுவதில் தனி ருசி. "போன் சார்ஜர்." பிடுங்கினார். "விசிறி, ரூம்." இங்கே கொஞ்சம் நின்றார். சித்திரை வெயில், ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறது, பிரஷர்காரன். "விசிறி, ரூம், ஒரு கிழவன், தள்ளட்டுமா. ஆமாம், அதேதான்." விசிறி சுணங்கிச் சுணங்கி நின்றதும் முதுகில் வேர்வை கோடு போட்டது. பனியனைக் கழற்றி ஈசி சேரில் எறிந்தார். படிக்கட்டுக்குப் போய் இன்வெர்ட்டர் தலையைத் தொட்டார். இறங்கியிருக்கிறது, ஆனால் போதாது. மெஷினைத் தூங்க வைக்கலாமா என்றால் அதற்கு ஒரு வியாதி, தூங்கினால் எழுந்திருக்காது, அவள் சீட்டு எழுதியே ஒட்டியிருக்கிறாள். இன்னும் என்ன பாக்கி. திரும்பிப் பார்த்தார். திரைதான் பாக்கி. பைத்தான், வீடு, நாயகி, ஆடுபுலி, யார் சொல்வது சரி. முழுப் பெயரோடு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது. அந்த வெளிச்சமும் பாரம்தான். எண்களைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்று நினைத்தது போச்சு. "திரை," என்றார். "பார்க்கிறவன் லைன். தள்ளட்டுமா." பொத்தானை அமுக்கினார். கறுப்பு.

இப்போது ஒன்றும் தெரியவில்லை. ஓடுகிறதா, செத்ததா. கறுப்புக் கண்ணாடியில் வெறும் உடம்போடு ஒரு கிழவன் தெரிந்தான், அவ்வளவுதான். கண்ட்ரோல் ரூமில் பேனல் அணைந்தால் என்ன செய்வோம். காதை வைப்போம். டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரத்தைக் கேட்டே லோடு சொல்வோம். மெஷின் பெட்டிமேல் கையை வைத்தார். ஏதோ அதிர்கிறது, ஆனால் அது மெஷினா தன் கை நடுக்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. முன்பெல்லாம் முடியும். குனிந்து காதை ஒட்டினார். ஒன்றுமில்லை. பஞ்சு. இன்வெர்ட்டர் சாகப்போகும்போது கீச்சுக் கீச்சென்று கத்துமாம், அவள் சொல்வாள், ஓடி வந்து அணைப்பாள். இவர் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, அவள் கற்பனை என்றே வைத்திருந்தார். ஆக, மெஷின் ஓடுவதும் கேட்காது, இன்வெர்ட்டர் சாவதும் கேட்காது, இவர் எதைக் காவல் காக்கிறார். பொம்மையா. கோபம் வந்தது. கோபத்தோடு போய் பீரோவைத் திறந்தார், கோபத்தோடு இழுப்பறையை இழுத்தார், பெட்டி அவள் வைத்த இடத்திலேயே, அவள் வாங்கிய நாளில் கட்டிய ரப்பர் பேண்டோடு இருந்தது. பேட்டரி புதுசு. மாசாமாசம் மாற்றி வைத்திருக்கிறாள், மாட்டாத காதுக்கு. பந்தயத்துக்காக இல்லை, என்று பீரோ கண்ணாடியிடம் சொன்னார். புலிக்காக. முந்திரிக்கொட்டை மாதிரி ஒன்று இந்தக் காதில், ஒன்று அந்தக் காதில். டாக்டர் பெண் மாட்டிக் காட்டியபோது தலையாட்டியது எப்படியோ விரலுக்கு ஞாபகம் இருந்தது.

முதலில் வந்தது அவர் மூச்சு. திடுக்கிட்டுத் திரும்பினார், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று. யாரும் இல்லை, அவரேதான், எருமை மாதிரி. காலை எடுத்து வைத்தால் தரை சர்ரென்றது. பீரோக் கதவு மூடும்போது ஒரு நாய்க்குட்டி முனகியது. ஐயையோ, இந்த வீட்டுக்குள் இவ்வளவு பேர் இருக்கிறார்களா. சுவர்க் கடிகாரம் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக்கொண்டே இருந்தது, அதை அவர் ஊமைக் கடிகாரம் என்றே வாங்கினதாக நினைத்திருந்தார். வெளியே அணில், ஒன்றில்லை, இரண்டு, சண்டை. எதிர்வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிறார்கள். துருவுவது கேட்கிறது. தேங்காய்க்குச் சத்தம் உண்டு என்பதே மறந்து போயிருந்தது. ஓட்டமாக வந்து கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். இருந்தது. மெஷினின் குட்டி விசிறி, பெட்டிக்குள், உயிரைக் கொடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. உய்ய்ய் என்று ஒரே சுருதி. ஓடுகிறது. புலியும் ஓடுகிறது, ஆடும் ஓடுகிறது. வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டி மேஜையில் விழுந்தது, அதுவும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கச்சேரிக்குப் போனால் தூங்குகிறவர். ஓடு. ஓடுடா. ஆடே நீ நட, புலியே நீ தாண்டு, யார் ஜெயித்தாலும் சரி, நின்றுவிடாதீர்கள். யார் ஜெயித்தாலும் சரியா. ஆமாம், அதேதான். அப்போது படிக்கட்டு பக்கம் ஒரு பறவை கூப்பிட்டது. கீச். கொஞ்சம் விட்டு, கீச். கலியமூர்த்தி துள்ளி எழுந்தார். வந்தேவிட்டது. அவள் கற்பனை இல்லை. இன்னும் எதைத் தள்ளுவது, எதுவுமே பாக்கி இல்லையே. சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கட்டிலுக்குப் பின்னால் எதுவோ சின்னதாகச் சிவப்பாக. கொசு மருந்து. பட்டப்பகலில் கொசு மருந்து. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய், "கொசு லைன், தள்ளியாச்சு" என்று ஒப்பித்தலை முன்பின்னாக மாற்றிப் பிடுங்கினார். அது எத்தனை குடித்துவிடப் போகிறது, இருந்தாலும். கீச் நின்றது. நின்றதா, செத்ததா. தவழ்ந்த நிலையிலேயே தலையைத் தூக்கிக் கேட்டார். உய்ய்ய். இருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்து கட்டிலில் சாய்ந்துகொண்டார். தரை சில்லென்றிருந்தது. எதற்கென்று தெரியாமல் ஒரு சந்தோஷம், வயிற்றிலிருந்து, பாயசம் கொட்டின மண்டபத்து இருட்டைப் போல, கிளம்பி வந்தது.

எவ்வளவு நேரமோ. சுருதி இறங்கியது. உய்ய்ய் என்றது உம்ம் என்றாகி, அதுவும் தணிந்து, பெருமூச்சு மாதிரி. கலியமூர்த்தி எழுந்த வேகத்தில் முட்டி படீரென்றது. முடிந்ததா, போய்விட்டதா. பொத்தானை அமுக்கினார். திரை வெளுக்க நேரம் எடுத்தது, அதற்குள் அவர் அதை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். வந்தது. வரிகள் எல்லாம் இருந்தன. தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவனைக் காணோம். வேலை முடிந்து முண்டாசை உதறிக்கொண்டு போய்விட்டான். மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழும்பி நின்றது. அவள் முன்கூட்டியே எழுதி வைத்தது, இந்த முடிவு வந்தால் இதைக் காட்டு என்று: புலி ஜெயிக்கும். நீங்க சொன்னதுதான் சரி. இனிமே அந்தப் பெட்டியைப் பத்தி நான் பேச மாட்டேன். படித்தார். மறுபடி படித்தார். "பாத்தியா," என்று சத்தமாகச் சொன்னார். தன் குரலே கணீரென்று திரும்பி வந்து காதில் விழுந்தது. பாத்தியா, எனக்குத் தெரியும், மூலையில் அடைச்சாளாம். கையைத் தட்டிக்கொண்டார். பிறகுதான் உறைத்தது. ஜெயித்தாயிற்று. கழற்றிவிடலாம். அவள் வருவதற்குள் கழற்றி, ரப்பர் பேண்டைப் போட்டு, இழுப்பறையில் வைத்துவிட்டால் கதை முடிந்தது, ஆயுளுக்கும் அவள் கேட்க மாட்டாள், சத்தியம். கை காதுக்குப் போனது. கேட் கிறீச்சென்றது.

முதலில் வளையல். வளைகாப்புக்குப் போனவளுக்குக் கை நிறைய கண்ணாடி வளையல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கிணுகிணுகிணு என்று அது கேட்டிலிருந்து முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து படிக்கு வந்தது, மேல்பாதி கீழ்பாதி எல்லாம் முழுசாக. கை காதிலேயே நின்றது. அதற்குள் இன்னொன்று. பேச்சு. யாரோடு பேசிக்கொண்டு வருகிறாள். யாரும் இல்லை, தனியாகத்தான், சன்னமான குரலில், கோர்வையாக: "...கரண்டு இல்லேன்னா ஒரு ஜன்னலைத் திறந்து வைப்போம்னு உண்டா, உண்டா, வெந்து கிடக்கும் உள்ள, சொல்லிட்டுத்தானே போனேன், நிறுத்திடாதீங்க இன்னிக்கு முடிஞ்சிரும்னு, தலையை ஆட்டுச்சே, பூம்பூம் மாடு, இந்நேரம் கொன்னுருக்கும்..." கலியமூர்த்தி வாயைப் பொத்திக்கொண்டார். அடி பாவி. இத்தனை வருஷமாக இப்படியா. இவர் பாட்டுக்கு வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் அர்ச்சனை நிற்கவே இல்லை போலிருக்கிறது. எத்தனையைத் தவற விட்டிருக்கிறோம். கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

தில்லைநாயகி வாசலில் செருப்பை உதறிவிட்டு, இவருக்கென்று வைத்திருக்கிற குரலில், தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். "ஏங்க, கரண்டு எப்பங்க போச்சு?"

"கத்தாதே. கேக்குது."

அவள் அறை வாசலில் நின்றுவிட்டாள். கையில் தாம்பூலப் பை. விசிறி இல்லை, விளக்கு இல்லை, பனியன் இல்லாமல் குளித்தவர் மாதிரி ஒரு ஆள். திரையைப் பார்க்கவில்லை. காதைத்தான் பார்த்தாள். இந்தக் காது, அந்தக் காது.

"தோத்துட்டீங்களா?"

"ஜெயிச்சேன். போய்ப் பாரு."

"அப்ப எதுக்கு இதை மாட்டிட்டிருக்கீங்க?"

"திரையை அணைச்சேன். பேட்டரி தாங்கல. உன் புரோகிராம் ஓடுதா இல்லையான்னு வேற எப்படித் தெரியும்?"

அவள் அணைந்த விசிறியைப் பார்த்தாள். பிடுங்கிக் கிடந்த சார்ஜரைப் பார்த்தாள். கொசு மருந்து தரையில் கிடப்பதைப் பார்த்தாள். பார்த்து முடிக்கும்போது தோள் குலுங்க ஆரம்பித்தது, பிறகு வாய் திறந்தது, பிறகு வந்தது. பித்தளைக் குண்டாவில், சில்லறையோடு, கூடவே கை வளையல் அத்தனையும் சேர்ந்து. முடித்தபாடில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். இரண்டு எட்டு வைத்த பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டு, வழக்கம்போல் தனக்குள்ளேயே:

"புலியாம் புலி. நனைஞ்ச பூனை."

"அதுவும் கேட்டுச்சு," என்றார் கலியமூர்த்தி.